கட்டில் சத்தம் போடுதா?

புரண்டு படுத்தாலே 'கிரீச்'! பக்கத்தில் தூங்கும் குழந்தைக்கும் தூக்கம் போச்சு. மழைக்காலத்தில் ஈரம் குடித்து மரம் உப்பும், கோடையில் சுருங்கும். இணைப்புகள் தளர்ந்து உரசுவதுதான் அந்தச் சத்தம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், மேற்கு தாம்பரம் வீடுகளில் தண்ணீரில் ஊறிய கட்டில்களைக் கூடுதலாகவே கவனிக்கணும்.

மெத்தையை எடுத்துவிட்டு ஒவ்வொரு மூலையாக ஆட்டிப் பாருங்கள். சத்தம் வரும் இடத்தில் போல்ட்டை முடுக்குங்கள். தேவைப்பட்டால் வாஷர் போடுங்கள். பலகை சட்டத்தில் உரசினால், உரசும் இடத்தில் மெழுகுவர்த்தியைத் தேயுங்கள். எண்ணெய் விடாதீங்க, தூசி ஒட்டும். கால் தரையில் படியாமல் ஆடினால் அடியில் ரப்பர் துண்டு வையுங்கள். கையோடு, இடுக்குகளில் மூட்டைப்பூச்சி இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

கால் உளுத்திருந்தால் தச்சரைக் கூப்பிடுங்கள். கட்டில் சாய்ந்து பெரியவங்க விழுந்தால், போவது தூக்கம் மட்டுமல்ல, இடுப்பெலும்பும்தான்!