பாடாத பெட்டியைப் பாட வைப்பது எப்படி?

காசைப் போட்டுப் பொத்தானை அமுக்கினால், விரும்பிய இசைத்தட்டைத் தானே தேடியெடுத்துப் பாடும் பெட்டிக்கு ஜூக்பாக்ஸ் என்று பெயர். 1889ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள், அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகர மதுக்கடை ஒன்றில், காசு போட்டால் பாடும் எடிசன் போனோகிராப் கருவியை லூயி கிளாஸ் என்பார் நிறுவினார். இதுவே ஜூக்பாக்ஸின் மூதாதை. அதன் பாட்டைக் குழாயைக் காதில் வைத்துத்தான் கேட்க வேண்டியிருந்தது. மின்சாரத்தால் ஒலியைப் பெருக்கும் பெட்டியை ஏ.எம்.ஐ. நிறுவனம் 1927இல் வெளியிட்டது. 1940களின் இறுதியில் சிகாகோவின் சீபர்க் நிறுவனம், ஐம்பது தட்டுகளின் இருபுறமும் பாடி, நூறு பாட்டுகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வழி செய்தது. 1952இல் வந்த அதன் எம்100சி பெட்டி, பழம்பொருள் விரும்புவோர் இன்றும் போற்றிக் காப்பது.

பல்லாண்டுகள் கிடங்கில் கிடந்த இத்தகைய பெட்டி கைக்கு வந்ததும், அதை மின்சாரத்தில் மாட்டிப் பார்க்கவே எவரும் விரும்புவர். அந்த அவசரமே பெட்டிக்குப் பெருங்கேடாக முடிகிறது. காரணம், ஒலிபெருக்கிக்குள் இருக்கும் கண்டென்சர்கள் என்னும் மின்தேக்கிகள் மூப்படைந்திருக்கும். சிலவற்றின் உள்ளே இருக்கும் ஈரம் உலர்ந்துபோயிருக்கும். மெழுகிட்ட காகித மின்தேக்கிகளோ மின்சாரத்தைத் தடுத்து நிறுத்தாமல் கசியவிடும். அந்தக் கசிவால் ஒலி தரும் வால்வு அளவு மீறி மின்சாரத்தை இழுத்துச் செந்தணலாய்ச் சிவக்கும். அதனுடன் இணைந்த மின்மாற்றியும் கருகும். மின்தேக்கியைச் சிறு செலவில் புதிதாக வாங்கிவிடலாம். அந்தப் பெட்டிக்கே உரிய மின்மாற்றியைத் தேடிப் பெறுவதோ அரிது.

ஆகவே முதலில் மின்தேக்கிகளை மாற்றுதல் வேண்டும். பின்னர், ஏற்ற இழை விளக்கு ஒன்றைத் தொடராக இணைத்து ஒலிபெருக்கிக்கு மின்சாரம் தரவேண்டும். விளக்கு ஒருமுறை பளிச்சிட்டு மங்கினால் நல்லது. பிரகாசமாகவே எரிந்தால், உள்ளே குறுக்குத் தொடர்பு இருக்கிறது என்று கொண்டு உடனே நிறுத்திவிட வேண்டும். இச்சோதனையின்போது ஒலி தரும் ஸ்பீக்கர் இணைந்தே இருத்தல் வேண்டும். வால்வு ஒலிபெருக்கியை ஸ்பீக்கர் இன்றி இயக்கினாலும் மின்மாற்றி கெடக்கூடும்.

இங்கே உயிரைப் பற்றிய எச்சரிக்கையும் இன்றியமையாதது. வால்வு ஒலிபெருக்கியுள் 300 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்னழுத்தம் உண்டு. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்தேக்கிகளில் அது தங்கியிருக்கும். தடை ஒன்றின் வழியே அதை வடித்து, மீட்டரால் அளந்து உறுதி செய்த பின்னரே உள்ளே கை வைக்கலாம். பழைய அமெரிக்கப் பெட்டிகள் பலவற்றில் நிலத்தொடர்புக் கம்பி கிடையாது. அதையும் சேர்த்தல் வேண்டும். மின்வேலை பழகாதவர் இப்பகுதியைத் தேர்ந்தவரிடம் விட்டுவிடுவதே அறிவுடைமை.

இனி, குறை எங்கே இருக்கிறது என்று காண்பது எங்ஙனம்? பெட்டி வேலை செய்யும் வரிசையிலேயே தேடுவது எளிய வழி. காசு விழுந்து ஒரு சுவிட்சைத் தட்டுகிறது. பொத்தானை அமுக்கியதும், அந்தப் பாட்டுக்குரிய சிறிய ஊசியை மின்காந்தம் தள்ளுகிறது. தட்டுகளின் வரிசை நெடுகச் செல்லும் வண்டி, அவ்வூசியருகே நிற்கிறது. ஒரு கை தட்டைத் தூக்கிப் பிடிக்கிறது. தட்டு நின்றவாறே சுழல, முள் அதைத் தொட்டுப் பாட்டை எடுக்கிறது. இந்தச் சங்கிலி எந்தக் கண்ணியில் அறுகிறதோ, அங்கேதான் குறை.

காசு சிக்கினால், வழியைத் துடைத்து உலர வைக்க வேண்டும். அங்கே எண்ணெய் இட்டால் தூசி ஒட்டிக்கொண்டு நிலைமை மோசமாகும். வண்டி நகர்ந்தும் குறித்த இடத்தில் நிற்காவிட்டால், பெரும்பாலும் பழைய கிரீஸே குற்றவாளி. ஆண்டுகள் செல்லச் செல்ல அது பிசினாக இறுகி, நகர வேண்டிய ஊசிகளையும் நெம்புகோல்களையும் பிடித்துக்கொள்ளும். அதன்மேல் புதிய எண்ணெயைத் தெளிப்பது பயனற்றது. பாகங்களைக் கழற்றி, பழைய பசையை முழுதும் நீக்கி, வேண்டிய இடத்தில் மட்டும் மெல்லிய எண்ணெய் இட வேண்டும். தட்டு சுழன்றும் ஒலி வராவிட்டால் முள், கம்பித் தொடர்புகள், வால்வுகள் ஆகியவற்றை முறையே சோதிக்க வேண்டும். பாட்டுக்கு அடியில் ஓயாத உறுமல் கேட்டால், மின்சாரத்தைச் சீராக்கும் மின்தேக்கிகளை முதலில் ஐயுற வேண்டும்.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் மற்றொரு சிக்கல் உண்டு. அமெரிக்க மின்சாரம் ஏறக்குறைய 120 வோல்ட், விநாடிக்கு 60 சைக்கிள். இங்கோ 230 வோல்ட், 50 சைக்கிள். மின்னழுத்தத்தைக் குறைக்கும் மின்மாற்றி வோல்ட்டை மட்டுமே குறைக்கும், சைக்கிளை மாற்றாது. ஆதலால் அமெரிக்காவுக்கென அமைந்த மோட்டார் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுழலும். நிமிடத்துக்கு 45 முறை சுழல வேண்டிய தட்டு 37½ முறையே சுழலும். பாட்டு இழுபட்டு, பாடுவோர் குரல் கட்டைக் குரலாகிவிடும். பெட்டி பழுதாகிவிட்டது என்று எண்ணி நல்ல மோட்டாரைப் பிரித்துக் கெடுப்பதற்கு இதுவே காரணமாகலாம். மோட்டாரின் கப்பி அல்லது பல்சக்கரத்தை 50 சைக்கிளுக்கு உரியதாக மாற்றினால் குறை தீரும். 60 சைக்கிள் தரும் மாற்றுக் கருவியும் உதவும்.

கழற்றிய பாகம் எதையும் எறிந்துவிடாமல், எங்கிருந்து எடுத்தது என்று சீட்டு எழுதி வைத்தல் நன்று. இன்று ஒருவர் மாற்றியதை நாளை வேறொருவர் பார்க்க நேரும். அப்பொழுது அவருக்கு வழிகாட்டுவது அந்தச் சீட்டுதான். பழைய பெட்டி அடுத்த தலைமுறைக்கும் பாட வேண்டுமாயின், பழுது பார்ப்பவர் விரைந்து மாட்டும் பழக்கத்தை விட்டு, ஒவ்வொரு கண்ணியாகத் தேடும் பொறுமையைக் கொள்ள வேண்டும்.