தும்புத்தூளில் உயிரோடு வரும் பசளை

வெள்ளிக்கிழமை மரக்கறிச் சாப்பாடென்றால் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பல வீடுகளில் சோயா மீற் கறிதான். அந்தப் புரதம் எந்த மண்ணில் விளைந்தது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் பேச்சு, புரதத்துக்கு வேண்டிய நைதரசனைத் தரும் யூரியாவில் வந்து நிற்கும்.

ஒரு தொன் சோயா விதையில் ஏறத்தாழ 60 கிலோ நைதரசன் இருக்கிறது. யூரியாவாகப் பார்த்தால் 50 கிலோ மூட்டை இரண்டரைக்கு மேல். அதில் பெரும் பங்கைக் காற்றிலிருந்தே எடுத்துத் தர ஒரு பற்றீரியா உண்டு, பெயர் பிராடிறைசோபியம். வேருக்குள் புகுந்து முடிச்சுக் கட்டும். செடியிடம் சீனி வாங்கி நைதரசன் கொடுக்கும். சோயா நமக்கு வெளியிலிருந்து வந்த பயிர். புதுக் காணியில் இந்தப் பற்றீரியா போதிய அளவு இருக்காது, விதையோடு நாம்தான் அனுப்ப வேண்டும்.

கண்டி ஹந்தானையிலுள்ள தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்தில் பேராசிரியர் எஸ். ஏ. குலசூரிய போன்றோர் இந்தப் பற்றீரியாவைத் தும்புத்தூளில் வளர்த்துப் பக்கற்றில் அடைக்க வழி கண்டார்கள். வேலை லேசு. விதையை நனைத்து, தூளைப் பிசறி, நிழலில் உலர்த்தி, அன்றைக்கே விதைக்க வேண்டும்.

நிழல் என்ற அந்தச் சொல்லில்தான் என் கவலை எல்லாம். யூரியா மூட்டை வெயிலில் கிடந்தாலும் யூரியாதான். இந்தப் பக்கற்றுக்குள் இருப்பது உயிர். கொழும்பிலிருந்து அநுராதபுரம் போகும் லொறியின் தகரக் கூரைக்குக் கீழே, பிறகு கடை வாசல் இறாக்கையில், அது வெந்து செத்துப்போகலாம். செத்தாலும் நாறாது, நிறம் மாறாது. கமக்காரர் முழு விலையும் கொடுத்து வெறும் தும்புத்தூளை வாங்கிப் போவார். காலாவதித் திகதி பார்த்தால் போதுமென்கிறார்கள். திகதிக்கு வெயில் தெரியுமா?

2021 மேயில் அரசு இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தியபோது நுண்ணுயிர் என்ற பேச்சு நாடெங்கும் அடிபட்டது. அன்று நெல்லையும் சோயாவையும் ஒரே தராசில் போட்டார்கள். நெல்லுக்கு வேரில் முடிச்சே இல்லை. நவம்பரில் தடை போனது. நுண்ணுயிர் மீதிருந்த மதிப்பும் கூடவே போனது, அநியாயமாக. சோயாவுக்கும் தொடக்கத்தில் கொஞ்சம் யூரியா போட்டால்தான் பாதுகாப்பு என்பவர்களும் இருக்கிறார்கள், அது அவர்கள் கருத்து. ஆனால் பிரேசிலில் 1960களிலேயே யொஹானா டொபறைனர் என்ற விஞ்ஞானி பற்றீரியாவை நம்பிச் சோயா வளர்க்கச் சொன்னார். இன்று உலகிலேயே அதிகம் சோயா விளைவிக்கும் அந்த நாடு, அந்தப் பயிருக்கு நைதரசன் பசளை போடுவது மிகக் குறைவு.

பக்கற் உயிரோடு இருந்ததா என்பதை வயல்தான் சொல்லும். நாலைந்து கிழமையில் செடியைப் பிடுங்கி முடிச்சொன்றை நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். முடிச்சே இல்லையென்றால் கமக்காரர் யூரியாக் கடைக்கு ஓடுவார். அடுத்த போகத்தில் பக்கற்றைத் திரும்பியும் பார்க்கமாட்டார்.