அடிபட்ட பாக்ஸருக்கு நிறுத்தும் உரிமை உண்டு

2020 நவம்பர் 28 அன்று லண்டனில் ஹெவிவெயிட் வீரர்கள் டேனியல் டுபுவாவும் ஜோ ஜாய்ஸும் மோதினார்கள். பத்தாவது ரவுண்டில், வீங்கி மூடிக்கொண்டிருந்த இடது கண்ணில் இன்னொரு குத்து விழுந்ததும் டுபுவா ஒரு முழங்காலை மடித்து உட்கார்ந்தார். நடுவர் பத்து எண்ணி முடிக்கும்வரை எழவில்லை. அது அவருடைய முதல் தோல்வி. சில முன்னாள் வீரர்களே அவரைப் பயந்து விலகியவர் என்று சாடினார்கள். பரிசோதித்தபோது கண்குழி எலும்பு முறிந்திருந்தது. விழித்திரையில் ரத்தக்கசிவும் இருந்தது. இன்னும் சில குத்துகள் விழுந்திருந்தால் பார்வையே போயிருக்கலாம்.

அடிபட்டவர் சண்டையை நிறுத்தினால் குறை சொல்லலாமா? கூடாது. அந்தப் பழிச்சொல்லே ஓர் ஆபத்து. ஏச்சுக்கு அஞ்சும் வீரர் தலைவலியை மறைப்பார். இரண்டு இரண்டாகத் தெரிவதைச் சொல்லமாட்டார்.

யார் நிறுத்தலாம்?

விதிப்படி நான்கு வழிகள் உண்டு. வீரர் தாமே விலகலாம். அவருடைய மூலையில் இருக்கும் பயிற்சியாளர் விலக்கிக்கொள்ளலாம். துண்டை வீசுவது என்பது இதுதான். நடுவர் நிறுத்தலாம். மேடையோர மருத்துவரின் ஆலோசனைப்படியும் நிறுத்தப்படும். எப்படி நின்றாலும் பொதுவாகத் தோல்வி என்றே பதிவாகும். அதற்குரிய விலை அதுவே. அதற்கு மேல் அவமானமும் சேர வேண்டியதில்லை.

முடிவை வீரர் தலையில் மட்டும் சுமத்தவும் முடியாது. 2019 ஜூலையில் அமெரிக்காவின் மேரிலாந்தில் ரஷ்ய வீரர் மக்சிம் தாதாஷெவ் பதினோரு ரவுண்டு அடி வாங்கிவிட்டு மூலைக்கு வந்தார். போதும், நிறுத்திவிடுகிறேன் என்று பயிற்சியாளர் பட்டி மெக்கர்ட் கெஞ்சினார். தாதாஷெவ் மாட்டேன் என்று தலையாட்டினார். மெக்கர்ட் அவர் சம்மதத்துக்குக் காத்திராமல் நிறுத்தினார். அப்படியும் மூளையில் ரத்தம் கசிந்து, நான்கு நாளில் தாதாஷெவ் இறந்தார். அடிபட்ட மூளைக்குத் தன் நிலையைத் தானே கணிக்கும் தெளிவு இருக்காது. அதனால்தான் மூலையில் நிற்பவருக்கு அந்த அதிகாரம் தரப்பட்டிருக்கிறது.

‘தோள்பட்டை வலிக்கா நிறுத்துவது?’ என்று கேட்பவர்களும் உண்டு. 2000 ஏப்ரலில் பெர்லினில் கிறிஸ் பைர்டுக்கு எதிராகப் புள்ளிகளில் முன்னணியில் இருந்த விட்டாலி கிளிட்ச்கோ, ஒன்பது ரவுண்டு முடிந்ததும் விலகினார். தோள் தசைநார் கிழிந்திருந்தது. மன உறுதி இல்லாதவர் என்று எழுதினார்கள். அவரே 2004இல் உலகப் பட்டத்தை வென்றார். டுபுவாவும் 2024 செப்டம்பரில் வெம்ப்ளி அரங்கில் ஆண்டனி ஜோஷுவாவை ஐந்தாவது ரவுண்டில் வீழ்த்தினார். அன்று நிறுத்தியதால்தான் பின்னால் ஆட முடிந்தது.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

மண்டையோட்டுக்கும் மூளைக்கும் இடையே ரத்தம் கசிந்து தேங்குவதே குத்துச்சண்டை மரணங்களுக்கு முக்கியக் காரணம். மேடையிலிருந்து நடந்து இறங்கியவருக்கும் சில மணி நேரம் கழித்து இது வெளிப்படலாம்.

• கூடிக்கொண்டே போகும் தலைவலி, திரும்பத் திரும்ப வாந்தி
• பேச்சுக் குழறல், தடுமாற்றம், குழப்பம்
• மிகையான தூக்கக் கலக்கம், வலிப்பு
• ஒரு கண்ணின் பாவை மற்றதைவிடப் பெரிதாக இருத்தல்

இவற்றில் ஒன்று தெரிந்தாலும் 108ஐ அழையுங்கள். மூளை அறுவைச் சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். தலையில் பலத்த அடி வாங்கியவரை அன்றிரவு தனியே விடாதீர்கள். கண்ணைச் சுற்றி அடிபட்டிருந்தால் மூக்கைச் சிந்தக்கூடாது. முறிவு வழியாகக் காற்று கண்குழிக்குள் புகுந்துவிடும்.

ஏற்பாட்டாளரின் பொறுப்பு

1991இல் லண்டனில் கிறிஸ் யூபாங்குடன் மோதிய மைக்கேல் வாட்சன் மூளைக் காயத்தால் நினைவிழந்தார். உயிர்காக்கும் முதலுதவி மேடையோரத்திலேயே உடனே கிடைக்கவில்லை. பிழைத்தாலும் உடல் செயலிழப்புடன் வாழ நேர்ந்தது. பிரிட்டிஷ் குத்துச்சண்டை வாரியத்தின் மீது அவர் தொடுத்த வழக்கில், தகுந்த மருத்துவ ஏற்பாட்டை உறுதிசெய்யும் கடமை வாரியத்துக்கு உண்டு, அதில் அது தவறிவிட்டது என்று 2000இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆபத்து தெரிந்தே மேடை ஏறினான் என்று சொல்லி ஏற்பாட்டாளர் கைகழுவ முடியாது என்பதே இந்தத் தீர்ப்பின் பாடம்.

பிள்ளைகளை பாக்ஸிங் பயிற்சிக்கு அனுப்பும் பெற்றோர், போட்டிக்கு முன் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். மேடையோரத்தில் மருத்துவர் இருக்கிறாரா? ஆம்புலன்ஸ் வாசலில் நிற்கிறதா? அருகில் மூளை அறுவைச் சிகிச்சை செய்யும் மருத்துவமனை எது? பதில் இல்லையென்றால் பிள்ளையை மேடை ஏற்றாதீர்கள். அடிபட்டால் மருத்துவச் சீட்டுகளையும் சண்டையின் வீடியோவையும் பத்திரப்படுத்துங்கள். இழப்பீடு கேட்க அவையே சாட்சி. தலையில் வாங்கிய அடியால் சண்டை நிறுத்தப்பட்டால், மருத்துவர் எழுத்தில் அனுமதிக்கும்வரை ஸ்பாரிங் எனும் பயிற்சிச் சண்டையும் கூடாது. முதல் அதிர்ச்சி ஆறுமுன் விழும் இரண்டாவது அடி உயிரையே எடுக்கலாம்.

ரசிகர்களுக்கும் ஒரு வார்த்தை. முழங்காலிட்டவரைப் பார்த்து ஊளையிடாதீர்கள். அவருக்கு எங்கே முறிந்திருக்கிறது என்று கேலரியிலிருந்து உங்களுக்குத் தெரியாது.