சித்தன்னவாசல் ஓவியமும் பட்டறைவழி ஆய்வும்

புதுக்கோட்டை மாவட்டம் சித்தன்னவாசல் அறிவர் கோயிலை மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் புதுப்பித்த செய்தியைக் கி.பி. 9ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு கூறுகிறது. அர்த்தமண்டப விதானத்துத் தாமரைக்குளம் தீட்டப்பட்ட முறையை அது கூறவில்லை. 1930களில் சென்னை அருங்காட்சியக வேதியியலாளர் எஸ். பரமசிவன் அதன் சுதையையும் நிறமிகளையும் ஆராய்ந்தார். அவ்வோவியம் உலர்சுதை முறையினது என்பது பரவலான கருத்து.

ஈரச்சுதை முறையில் சுண்ணாம்பு இறுகும்போதே நிறமியைப் பிணைத்துக்கொள்ளும். உலர்சுதைக்குப் பசையோ சுண்ணாம்புநீரோ வேண்டும். முதுநிலை ஓவிய மாணவர் இவ்வேறுபாட்டைத் தம் பட்டறையிலேயே ஆராய இயலும். ஒரே சுதைக்கலவையை இரு பலகைகளில் பூசி, ஒன்றில் ஈரத்திலும் மற்றொன்றில் உலர்ந்தபின்னும் ஒரே தாமரையைத் தீட்டி, கோட்டின் ஓட்டம், நிறம் உதிர்தல் ஆகியவற்றைப் பதிவுசெய்யலாம். ஈரமுறையில் ஒருநாள் தீட்டத்தக்க அளவே சுதை பூசப்படுவதால், பெரும்பரப்பில் இணைப்புக்கோடுகள் எஞ்சும். மூலத்தில் தேடவேண்டிய தடயம் இவ்வாறு தெளிவாகிறது.

இச்சோதனை, இவ்வாறு தீட்ட இயலும் என்பதையே காட்டும். இவ்வாறே தீட்டினர் என நிறுவாது. அதற்கு வேதியியல் சான்று தேவை. எனினும், மங்கிய மூலத்தைத் தொட்டு மாதிரி எடுப்பதே சேதமாகும் நிலையில், எங்கு, எதற்காகத் தொடவேண்டும் என்பதைப் பட்டறை முன்னரே வரையறுக்கிறது. மாற்றிய கூறுகளும் தோல்விகளும் பதிவாகும்போதுதான் படியெடுக்கும் பயிற்சி ஆய்வாகிறது.