சாகச நாயகர் விளையாட்டு: டெமோவை நம்பி வாங்கலாமா?

“டெமோ நன்றாக இருக்கிறது, வாங்கித் தாருங்கள்” என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. காணொளி விளையாட்டின் ஒரு பகுதியை முன்கூட்டியே இலவசமாக ஆடிப் பார்க்கத் தருவதே டெமோ. அது எதைக் காட்டும், எதைக் காட்டாது?

2020 ஆகஸ்ட்டில் அனைவருக்கும் திறந்துவிடப்பட்ட ‘மார்வெல்ஸ் அவெஞ்சர்ஸ்’ சோதனைப் பதிப்பு நல்ல எடுத்துக்காட்டு. கோல்டன் கேட் பாலத்தில் தோர் சுத்தியலை வீசுவார். ஹல்க் எதிரிகளைத் தூக்கி அடிப்பார். கைகளை நீட்டிச் சண்டையிடும் கமலா கானோ பாகிஸ்தானிய வம்சாவளி அமெரிக்கப் பெண். தெற்காசியக் குடும்பத்துப் பெண் நாயகியானது தேக்காவில் வளரும் பிள்ளைக்கும் நெருக்கமானது.

செப்டம்பர் 4ல் முழு விளையாட்டு வெளிவந்தது. ஒரே மாதிரிப் பணிகள் திரும்பத் திரும்ப வருவதாகக் குறைகூறல்கள் எழுந்தன. 2023 செப்டம்பர் 30ஆம் தேதியுடன் அதன் இணைய விற்பனையும் நின்றது.

சண்டையின் விறுவிறுப்பை டெமோ காட்டும். இருபதாம் மணி நேரத்துச் சலிப்பைக் காட்டாது. எனவே, வெளியாகிச் சில வாரங்கள் பொறுத்து வாங்கலாம்.

வயதுக் குறியீட்டையும் பாருங்கள். சிங்கப்பூரில் ‘எம்18’ விளையாட்டை 18 வயதுக்குக் குறைந்தோருக்கு விற்கக்கூடாது. ‘ஏடிவி16’ அறிவுரை மட்டுமே. அங்கு முடிவு பெற்றோர் கையில்.