முட்டுக்காலும் தடையும்

மாடுகளை அவிழ்த்தபின் வண்டில் முன்சாயாதவாறு முட்டுக்கொடுத்தல் மல்லாவி உழவர் நன்கறிந்ததே. முன்சில்லின்றி மோட்டார் ஊர்தியின்மேற் சாய்ந்து செல்லும் பாரவண்டிக்கும் அதுவே நியதி. 1914இல் டெட்ராயிற் நகரக் கொல்லர் ஆகஸ்ட் புரூகோவ் அத்தகையதொன்றை அமைத்தார். பின்னாளில், கைப்பிடியைச் சுழற்ற ஏறியிறங்கும் இரும்புக்கால்கள் முட்டின் இடத்தைப் பெற்றன.

பிறேக் எனப்படும் தடை பெற்ற மாற்றமோ இதனினும் பெரிது. 1869இல் வெஸ்ரிங்ஹவுஸ் புகைவண்டிக்கு அமைத்த தடையில் காற்றழுத்தமே சில்லைப் பிடித்தது. குழாய் வெடிப்பின் தடையுமில்லை. காற்றுக் குறைந்தவுடன் தடை தானே பிடிக்குமாறு 1872இல் அவரே திருத்தினார். இன்றைய பாரவண்டிகள் பலவற்றில் காற்று, வலிய சுருள்வில்லை ஒடுக்கி வைத்திருக்கின்றது. காற்று நீங்கின் வில் விரிந்து சில்லைப் பிடிக்கும்.

கருவி பழுதுறுதல் இயல்பு. பழுதுற்ற வேளையிலும் உயிர் காக்குமாறு அமைத்தலே அறிவு. ஆயினும், மாரியில் இளகிய வன்னி மண்ணில் இரும்புக்காலும் புதையும். அதன்கீழ்ப் பலகையிடுதல் இன்றும் சாரதியின் கடனேயாம்.