வேரும் காளானும்

கனடா நாட்டின் மேற்குக் கோடியில், பசிபிக் பெருங்கடலை ஒட்டிப் பிரிட்டிஷ் கொலம்பியா என்னும் மாகாணம் உளது. மலையும் ஏரியும் மலிந்த அம்மாகாணத்தின் பெருஞ்செல்வம் காடே ஆகும். அக்காடுகளில் மரங்களை வெட்டிக் குதிரைகளைக் கொண்டு இழுத்து வருதலைத் தலைமுறைத் தொழிலாகக் கொண்ட ஒரு குடும்பத்தில், 1960ஆம் ஆண்டில் சுசான் சிமார்ட் என்னும் அம்மையார் பிறந்தார்.

அவர் சிறுமியாய் இருந்த காலத்தில் வீட்டு நாய் ஒன்று கழிப்பிடக் குழியுள் தவறி வீழ்ந்துவிட்டது. பாட்டனார் மண்வெட்டியுடன் ஓடிவந்து குழியின் பக்கத்தை அகழலானார். அகழ அகழப் பின்னிக் கிடந்த வேர்களும், அவற்றின் கீழே வெண்ணிற நூல்களும், அதற்கும் கீழே செம்மையும் மஞ்சளுமான மண்ணடுக்குகளும் வெளிப்பட்டன. நாய் மீட்கப்பட்டது, சிறுமியின் உள்ளமோ அக்குழியினின்று மீளவில்லை. நிலத்தின் மேல் நிற்கும் மரத்தைக் காட்டிலும் நிலத்தின் கீழ் மறைந்திருக்கும் மரமே அவரை ஈர்த்தது.

அவர் வளர்ந்து வனத்துறைப் பணியில் சேர்ந்தபோது, அங்கு நடைபெற்று வந்த முறை இதுவாகும்: பழங்காட்டை முற்றாக வெட்டுவர். வெட்டிய நிலத்தில் விலை மிகுந்த டக்ளஸ் பிர் முதலிய ஊசியிலை மரக்கன்றுகளை வரிசை வரிசையாக நடுவர். அவற்றின் இடையே தாமாக முளைக்கும் பூர்ச்ச மரங்களைக் களை எனக் கருதி வெட்டியும் நஞ்சு தெளித்தும் அழிப்பர். (இமயமலையில் வளரும் பூர்ச்சத்தின் பட்டையில் முன்னோர் ஏடெழுதினர். கனடாவில் உள்ளதும் அவ்வினத்தைச் சார்ந்ததே.) பூர்ச்சம் விரைந்து வளர்வது; நிழலால் கன்றுகளை மறைப்பது; நீரையும் உரத்தையும் பங்கிட்டுக்கொள்வது. ஆதலின் அது பகை என்பது வனத்துறையினர் துணிபு. வயலில் களை பறிக்கும் உழவனுக்கு ஒப்பாகத் தம்மைக் கருதினர் போலும். ஆயினும், பூர்ச்சம் அழிக்கப்பட்ட இடங்களில் பிர் கன்றுகள் சில வேரழுகி மடிவதைச் சிமார்ட் கண்டார். பகை ஒழிந்தபின் பயிர் தழைக்க வேண்டாவோ? இவ்வினாவே அவருடைய ஆராய்ச்சிக்கு வித்தாயிற்று.

அவ்வாராய்ச்சியை உணர்தற்கு வேரின் இயல்பைச் சிறிது அறிதல் வேண்டும். 1885ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ஆல்பர்ட் பெர்ன்ஹார்டு பிராங்க் என்னும் தாவரவியலார், மரங்களின் வேர்நுனிகளைக் காளானின் நுண்ணிழைகள் உறைபோல மூடியிருத்தலை ஆராய்ந்து வெளியிட்டார். டிரபில் என்னும் நிலத்தடிக் காளானைப் பயிராக்க வழி காணுமாறு பிரஷ்ய அரசு அவரைப் பணித்திருந்தது. உணவுக்கு வழி தேடியவர் ஓர் அரிய உண்மையைக் கண்டெடுத்தார். வேரும் காளானும் கூடிய அவ்வமைப்பிற்கு அவர் இட்ட பெயர் மைக்கோரைசா. கிரேக்க மொழியில் காளான், வேர் என்னும் பொருளுடைய இரு சொற்களின் சேர்க்கை அது.

காளான் என்றதும் மழைக்குப்பின் தோன்றும் குடையே நம் நினைவிற்கு வரும். அக்குடை அதன் கனியை ஒத்தது. காளானின் உடல் மண்ணுக்குள் பரவிய இழைகளே ஆகும். மயிரினும் மெல்லிய அவ்விழைகள், வேர் நுழைய இயலாத மண்துளைகளிலும் நுழைந்து நீரையும் நைட்ரஜன், பாஸ்பரஸ் முதலிய சத்துகளையும் கவர்ந்து மரத்திற்கு அளிக்கின்றன. காளானுக்குப் பச்சையம் இல்லை. தனக்குரிய உணவைத் தானே ஆக்கிக்கொள்ள அதனால் இயலாது. ஆகவே மரம் தன் இலையில் சமைத்த சர்க்கரையில் ஒரு பகுதியைக் காளானுக்குத் தருகின்றது. இது கொடையன்று, பண்டமாற்றே ஆகும்.

ஒரே காளான் இரண்டு மரங்களின் வேர்களைப் பற்றியிருக்குமாயின், ஒரு மரத்தின் பொருள் மற்றொன்றிற்குச் செல்லுமோ? 1980களில் இங்கிலாந்தில் டேவிட் ரீட் என்பாரும் அவருடைய துணைவரும் ஆய்வுக்கூடத்தில் வளர்த்த கன்றுகளுக்கிடையே கரி இவ்வாறு கடந்து செல்வதைக் காட்டினர். ஆய்வுக்கூடத்தில் நிகழ்வது காட்டிலும் நிகழும் என்பதற்கு உறுதி யாது? அதனைக் காட்டிலேயே சோதிக்கத் துணிந்தார் சிமார்ட்.

பூர்ச்சம், பிர், சிவப்புச் சீடர் என்னும் மூவகைக் கன்றுகளையும் அவர் அருகருகே வளர்த்தார். பூர்ச்சத்தின் வேரிலும் பிரின் வேரிலும் ஒரே வகைக் காளான்கள் பல வாழ்கின்றன. சீடர் மரமோ வேறொரு வகைக் காளானோடு கூடுவது; ஆதலின் அது வலைக்குப் புறம்பானது. சீடரையும் உடன் வைத்தமையே இச்சோதனையின் நுட்பம். கரி மண்வழியே கசிந்து செல்வதாயின் சீடருக்கும் ஒத்த அளவிற் கிட்டும். காளான்வழியே செல்வதாயின் அதற்கு அத்துணை கிட்டாது.

இனி, ஒரு மரத்தின் கரியை மற்றொன்றின் கரியினின்று பிரித்தறிவது எங்ஙனம்? இயற்கையில் மிகுதியாய் உள்ளது கரி-12. அதனினும் சற்றுக் கனமானது கரி-13. கதிர்வீசும் தன்மையுடையது கரி-14. சிமார்ட் கன்றுகளை ஒளிபுகும் பைகளால் மூடி, பூர்ச்சத்தின் பையுள் ஒருவகைக் கரி கலந்த கரியமில வாயுவையும், பிரின் பையுள் மற்றொருவகைக் கரி கலந்த வாயுவையும் செலுத்தினார். குறித்த காலம் கழிந்தபின் கன்றுகளைச் சோதித்தபோது, பூர்ச்சத்திற்கு அளித்த கரி பிரிலும், பிருக்கு அளித்த கரி பூர்ச்சத்திலும் காணப்பட்டன. போக்குவரவு இருபுறமும் நிகழ்ந்தது. எனினும் பிர் கொடுத்ததினும் பெற்றது மிகுதி. அந்நிகர வரவு, ஒளிச்சேர்க்கையால் உட்கொள்ளப்பட்ட அடையாளக் கரியில் சராசரி நூற்றுக்கு 6 பங்கு அளவினதாய் இருந்தது. பிரின்மேல் திரையிட்டு நிழலை மிகுவித்தபோது வரவும் மிகுந்தது. சீடருக்குக் கிட்டியது சிறிதே. நிழலால் வருத்துவது என இகழப்பட்ட மரம், அந்நிழலில் வாடியதற்கு மண்ணுக்கடியில் மிகுதியாக அளித்து வந்ததென்பது வியப்பன்றோ?

1997ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் இம்முடிவுகள் ‘நேச்சர்’ என்னும் புகழ்பெற்ற அறிவியல் இதழில் வெளிவந்தன. காடளாவிய வலை எனப் பொருள்படும் தொடரை அவ்விதழ் தன் முகப்பில் இட்டது. வேரழுகலின் காரணமும் தெளிவாயிற்று. ஆர்மில்லேரியா என்னும் கொடிய காளான் பிரின் வேரைத் தாக்குகின்றது. பூர்ச்சத்தின் வேரைச் சூழ்ந்து வாழும் நுண்ணுயிர்கள் சில அதனை அடக்குகின்றன. பூர்ச்சத்தை வெட்டியவர் காவலரையும் உடன் வெட்டினர்!

பின்னர், 2010ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், பிர்க் காட்டில் 30 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உடைய நிலத்தில் காளான் வலையைச் சிமார்டின் குழுவினர் வரைந்து காட்டினர். அதில் ஒரு மரம் மட்டும் 47 மரங்களோடு தொடர்புடையதாய் இருந்தது. இத்தகைய முதிய பெருமரங்களைச் சிமார்ட் தாய்மரம் என்று அழைத்தார். 2021ஆம் ஆண்டில் அவர் இயற்றிய நூலின் பெயரிலும் இச்சொல் இடம்பெற்றது. மரங்கள் பேசுகின்றன என்றும், தம் கன்றுகளை அறிந்து ஊட்டுகின்றன என்றும் மக்கள் கூறலாயினர். தாய் என்னும் சொல் நெஞ்சைக் கவர்வது. ஆனால் நெஞ்சைக் கவர்வதொன்றே சான்றாகிவிடாது.

2023ஆம் ஆண்டில் ஜஸ்டின் கார்ஸ்ட், மெலனி ஜோன்ஸ், ஜேசன் ஹோக்செமா என்னும் மூவர் இத்துறை ஆய்வுகள் அனைத்தையும் சீர்தூக்கி ஒரு கட்டுரை வெளியிட்டனர். காட்டில் ஒரு மரத்தினின்று மற்றொன்றிற்குக் கரி செல்லினும், அது காளான் வலைவழியே மட்டும் சென்றது என நிறுவுதல் அரிது, மண்நீர்வழியும் செல்லக்கூடும். வலையோடு கூடிய கன்றுகள் சில சோதனைகளில் தழைத்தன, சிலவற்றில் தழைக்கவில்லை. மரம் தன் கன்றை இனங்கண்டு ஊட்டுகின்றது என்பதற்குக் காட்டில் கண்ட சான்று இல்லை. இவை அவர்தம் கூற்றுகள். இவருள் மெலனி ஜோன்ஸ், 1997ஆம் ஆண்டுக் கட்டுரையைச் சிமார்டோடு சேர்ந்து எழுதியவருள் ஒருவர் என்பது கருதத்தக்கது. சிமார்ட் தம் கொள்கையை விட்டுக்கொடுத்தாரல்லர்.

இவ்வழக்கு நிகழ்வதற்கு முன்பே, 2015ஆம் ஆண்டில், பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஒன்பது காட்டுப் பகுதிகளில் அவர் ஒரு நீண்ட சோதனையைத் தொடங்கியிருந்தார். அங்கே சில இடங்களில் மரங்கள் முற்றாக வெட்டப்பட்டன. சில இடங்களில் பெருமரங்கள் வெவ்வேறு அளவில் விட்டுவைக்கப்பட்டன. எவ்விடத்தில் கன்றுகள் நன்கு வேரூன்றுகின்றன, எவ்விடத்து மண் தன் வளத்தைக் காத்துக்கொள்கின்றது என்பவை அளக்கப்படுகின்றன. ஆராய்வோரின் வாழ்நாளினும் மரங்களின் வாழ்நாள் நெடிது; ஆதலின் அந்நிலங்களை அளக்கும் பணி, பின்வரும் தலைமுறையினரின் கைக்கும் செல்ல வேண்டியதாகும்.